திருவிழா முடிந்த மறுநாள் வரும் காய்ச்சல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் ஒரு குப்பை தரம் பிரிக்கும் கூடத்தின் படம் வந்திருந்தது. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று எழுதிய இரண்டு பலகைகள், நடுவில் ஆரஞ்சு மேலங்கி போட்ட நான்கு பெண்கள், கையில் உறை. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நான்கு பேரில் மூன்று பேருக்கு முகத்தில் எதுவும் இல்லை, நான்காவது பெண் சேலைத் தலைப்பை மூக்கைச் சுற்றிக் கட்டியிருந்தார். படம் எடுத்தவரைக் குறை சொல்லவில்லை, நாம் எல்லோருமே அந்தப் பெண்களின் கையைத்தான் பார்க்கிறோம், மூக்கைப் பார்ப்பதில்லை. அதைப் பற்றித்தான் எழுத வந்தேன், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் 28 ஆண்டுகள் மருத்துவ ஆய்வகத்தில் நுட்புநராக இருந்து ஓய்வு பெற்றவள். சளிப் பரிசோதனை, பூஞ்சை வளர்ப்பு, இதுதான் என் வேலை. இப்போது காரைக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் பழைய வீட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். எங்கள் தெருவுக்குக் குப்பை வாங்க வரும் பெண்ணை நான் ஆத்தா என்று கூப்பிடுவேன், அவர் என்னை ஆச்சி என்பார். அவருக்கு 45 வயது இருக்கும். காலையில் ஆறு மணிக்குப் பேட்டரி வண்டியோடு தெருத்தெருவாகப் போய் வாங்கிவிட்டு, பத்து மணியிலிருந்து மதியம் இரண்டு மணி வரை கூடத்தில் உட்கார்ந்து பிரிப்பார்.

பங்குனியில் பேத்திக்குக் காதுகுத்து என்று ஐந்து நாள் லீவு போட்டுப் போயிருந்தார். அந்த ஐந்து நாளில் இங்கே அம்மன் கோயில் திருவிழா நடந்து முடிந்துவிட்டது. திரும்பி வந்த அன்று கூடத்தில் ஆளுயரத்துக்கு மூட்டை. அன்னதானத்துப் பாக்குமட்டைத் தட்டு, வாழை இலை, சாம்பார் ஊறிப்போன பார்சல் கவர், வாடிய மாலை, பிழிந்த எலுமிச்சம்பழம், எல்லாம் மூன்று நான்கு நாள் பங்குனி வெயிலில் கட்டியபடியே வெந்து கிடந்தவை. அதையெல்லாம் பிரித்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போன அன்று மாலை ஆறு மணிக்கு அவருக்கு உடம்பு நடுங்க ஆரம்பித்திருக்கிறது. கைகாலெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலி, நெஞ்சு இறுக்கம், வறட்டு இருமல், ராத்திரி முழுக்கக் காய்ச்சல். மறுநாள் காலையில் ஒரு மருத்துவமனையில் ஊசி போட்டு, ரத்தம் எடுத்து, டெங்கு இல்லை மலேரியா இல்லை, வைரஸ் காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அன்று சாயங்காலமே காய்ச்சல் போய்விட்டது.

அதற்கு அடுத்த நாள் வண்டியோடு வந்தவரிடம் விசாரித்தேன். "லீவு போட்டுட்டு வந்தாலே இப்படித்தான் ஆச்சி, மொத நாளு காய்ச்சல் வரும், அப்புறம் பழகிப்போயிரும். எங்க எல்லாருக்கும் அப்படித்தான்" என்றார்.

எங்க எல்லாருக்கும் என்ற அந்த வார்த்தைதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. ஒரே கூடத்தில் வேலை பார்க்கிற எல்லோருக்கும், லீவு முடிந்து வருகிற முதல் நாளில், வேலை முடிந்து சில மணி நேரத்தில் காய்ச்சல் வந்து, ஒரு நாளில் தானாகவே போய்விடுகிறது என்றால் அது வைரஸ் இல்லை. மருத்துவத்தில் இதற்குத் தனிப் பெயரே உண்டு, தமிழில் அங்ககத் தூசுக் காய்ச்சல் என்று சொல்லலாம். அழுகிய பொருளிலிருந்து கிளம்பும் தூசை நிறைய மூச்சில் இழுத்தால் நான்கிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்துக்குள் வரும், ஓரிரு நாளில் போகும். பஞ்சாலைகளில் லீவு முடிந்து வந்தவர்களுக்கு வரும் திங்கட்கிழமைக் காய்ச்சல் என்று ஒன்றைச் சொல்வார்கள், அதுவும் இதுவும் ஒரே வழியில் வருவதுதான்.

அந்தத் தூசில் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். உயிரோடு இருக்கும் பாக்டீரியாவும் பூஞ்சை வித்துகளும் இருக்கும், அது எல்லோருக்கும் தெரியும். தெரியாத விஷயம், செத்த பாக்டீரியாவும் ஆகாது என்பது. கிராம் நெகட்டிவ் என்று நாங்கள் ஆய்வகத்தில் சொல்லும் வகை பாக்டீரியாக்களின் வெளிச்சுவரில் எண்டோடாக்சின் என்று ஒரு பொருள் உண்டு. பாக்டீரியா செத்தாலும், வெயிலில் காய்ந்து தூளானாலும் அது வீரியம் குறையாமல் இருக்கும். மூச்சோடு நுரையீரலுக்குள் போனதும், ஏதோ பெரிய தொற்று உள்ளே வந்துவிட்டது என்று உடம்பு தப்பாக எடுத்துக்கொண்டு காய்ச்சலைக் கிளப்பிவிடும். கூடத்தில் பிளீச்சிங் பவுடர் தூவிவிட்டோமே, கிருமி செத்துப்போயிருக்குமே என்று மேற்பார்வையாளர் ஒருவர் என்னிடம் சொன்னார். பிளீச்சிங் பவுடர் ஈயையும் நாற்றத்தையும் கொஞ்சம் குறைக்கும், இந்தத் தூசை அது ஒன்றும் செய்யாது, அதன் நெடியே மூச்சுக்குழாயை அரிக்கும் என்பது வேறு.

பூஞ்சை வித்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அழுகும் குப்பையிலும் உரக்குழியிலும் அதிகம் வளரும் ஆஸ்பர்ஜில்லஸ் பூமிகேட்டஸ் என்ற பூஞ்சையின் வித்து 2 முதல் 3 மைக்ரான் அளவுதான். ஒரு தலைமயிரின் தடிமனுக்குள் இருபதுக்கு மேல் வரிசையாக வைக்கலாம். 10 மைக்ரானுக்கு மேல் உள்ள தூசை மூக்கும் தொண்டையும் பெரும்பாலும் பிடித்துவிடும், இவ்வளவு சிறியது நேராக நுரையீரலின் காற்றறை வரை போகும். கீழே படியவும் படியாது, காற்று அடங்கிய கூடத்தில் மணிக்கணக்கில் மிதந்துகொண்டே இருக்கும்.

நான் வேலை பார்த்த ஆய்வகத்தில் ஒரு பூஞ்சைத் தட்டின் மூடியைத் திறக்க வேண்டுமென்றால், காற்றை உறிஞ்சி வடிகட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டுத்தான் திறப்போம். வெளியே மேசையில் வைத்துத் திறந்தால் பெரிய டாக்டரிடம் திட்டு விழும். உள்ளங்கை அகலத் தட்டு ஒன்றுக்கு அவ்வளவு காவல். இங்கே எங்கள் ஆத்தா ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் கவர் பிரிக்கிறார்.

அதை ஒரு நாள் கிட்ட உட்கார்ந்து பார்த்தேன். நாம் கவரை இறுக்கி முடிச்சுப் போட்டுக் கொடுக்கிறோம், அந்த முடிச்சு அவிழாது. நகத்தால் கிழிப்பார்கள். கிழிக்கும்போது கவர் முகத்துக்கு ஒரு முழம் தூரத்தில் இருக்கும், உள்ளே இரண்டு நாள் புளித்த காற்று புஸ்ஸென்று முகத்தில் அடிக்கும், அவர் கண்ணை மட்டும் ஒரு நொடி மூடிக்கொள்வார். உள்ளே சோறு, மீன் செதில், பால் பாக்கெட்டு, டயப்பர், மாத்திரை அட்டை எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். பால் பாக்கெட்டில் மிச்சம் இருக்கும் இரண்டு சொட்டுப் பாலில் பச்சைப் பூசணம் படர்ந்திருக்கும், அதை உதறித்தான் பிளாஸ்டிக் பக்கம் போட வேண்டும், உதறினால் பொடி பறக்கும். இதில் மக்காத குப்பை என்று நாம் சொல்வதுதான் மோசம், காய்ந்தது என்று நினைத்துக் கையுறையைக்கூடக் கழற்றிவிடுகிறார்கள். வேலை முடிந்து இரண்டு மணிக்குத் தென்னங்குச்சி விளக்குமாற்றால் தரையைக் கூட்டினார்கள். தண்ணீர் தெளிக்கவில்லை, குழாய் கூடத்துக்கு வெளியே தூரத்தில் இருக்கிறது. தகரக் கூரையில் ஒரு ஓட்டை, அதன் வழியாக வெயில் குழல் மாதிரி கீழே விழுந்தது, அந்த வெளிச்சத்தில் தூசு புகையாக மேலே ஏறுவதை நானும் அவர்களும் சேர்ந்துதான் பார்த்தோம். "தினமும் இதத்தான் குடிக்கிறோம் ஆச்சி" என்றார் இன்னொரு பெண்.

மனசு கேட்கவில்லை. கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்க்கும் தெரிந்த தம்பி ஒருவரிடம் சொல்லி, பூஞ்சை வளர்க்கும் ஊடகம் ஊற்றிய தட்டு மூன்று வாங்கி வந்தேன். ஒன்றை எங்கள் வீட்டு முகப்பில், ஒன்றைக் கூடத்தின் வாசலில், மூன்றாவதை அவர்கள் பிரிக்கும் இடத்தில், உட்கார்ந்தால் மூக்கு வரும் உயரத்துக்குக் காய்கறிக் கிரேட்டைக் கவிழ்த்து அதன்மேல் வைத்தேன். பத்துப் பத்து நிமிடம் மூடியைத் திறந்துவைத்து மூடி, தம்பியிடம் திருப்பிக் கொடுத்தேன். மூன்று நாள் கழித்துப் பார்த்தால் முகப்புத் தட்டில் அங்கங்கே புள்ளிகள், விரல்விட்டு எண்ணலாம். வாசல் தட்டில் அதைவிட நிறைய. மூன்றாவது தட்டை எண்ணவே முடியவில்லை, கரும்பச்சையும் கறுப்பும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, பஞ்சு மாதிரி வெள்ளையாக வளரும் ஒன்று மூடியைத் தொட்டு நின்றது. மூன்றே தட்டு, ஒரே நாள், இதை ஆராய்ச்சி என்று சொல்ல மாட்டேன். முறையாகச் செய்ய வேண்டுமென்றால் காற்றை அளந்து உறிஞ்சும் கருவி வைத்து, வெயில் காலத்திலும் மழைக் காலத்திலும் பல நாள் எடுக்க வேண்டும். அழகப்பா பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது, நுண்ணுயிரியல் படிக்கிற பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல ஆய்வுத் தலைப்பு எங்கே கிடைக்கும்? அதிகாரிகள் கதவைத் திறந்துவிட்டால் போதும்.

வெளிநாட்டில் இதைக் கண்டுபிடித்து நாற்பது ஆண்டுகள் ஆகப்போகிறது. 1980-களில் டென்மார்க்கில் புதிதாக ஒரு குப்பை பிரிக்கும் ஆலை திறந்தார்கள், ஒரு வருடம்கூட ஆகவில்லை, அங்கே வேலை பார்த்த 15 பேரில் 8 பேருக்கு ஆஸ்துமா வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஐரோப்பாவில் இப்படிப்பட்ட இடங்களின் காற்றை அளப்பதில் அக்கறை கூடியது. நெதர்லாந்தில் 2010-இல் ஒரு கன மீட்டர் காற்றில் எண்டோடாக்சின் 90 அலகுக்கு மேல் போகக்கூடாது என்று அவர்களுடைய சுகாதாரக் குழு சொன்னது. ஜெர்மனியில் பிரிக்கும் மேசைக்கு மேலிருந்து சுத்தமான காற்று தலைமேல் இறங்கி, தூசை முகத்துக்கு வரவிடாமல் கீழே தள்ள வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். நம் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் கல் உடைக்கும் தூசுக்கு அளவு இருந்தது, குப்பைத் தூசுக்கு இல்லை.

"அவங்களுக்கெல்லாம் பழகிப்போச்சு, நமக்குத்தான் ஒத்துக்காது" என்று எங்கள் ஊரில் படித்தவர்களே சொல்கிறார்கள். இதைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. தினமும் இழுத்தால் காய்ச்சல் மட்டும்தான் மங்கும், உள்ளே மூச்சுக்குழாய் வீங்குவது நிற்காது. ஒத்துக்கொள்ளாதவர்கள் ஆறு மாதத்தில் வேலையை விட்டுப் போய்விடுகிறார்கள், தாக்குப்பிடிப்பவர்கள்தான் நம் கண்ணில் படுகிறார்கள், அவர்களைப் பார்த்து எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள் என்று முடிவு கட்டுகிறோம். எங்கள் ஆத்தாவோடு சேர்ந்தவர்களில் இரண்டு பேர் மூச்சிரைப்பு என்று நின்றுவிட்டார்கள், அவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை.

காய்ச்சலோடு போய்விட்டால் நானும் இவ்வளவு எழுத மாட்டேன். வருடக்கணக்கில் இழுத்தால் தீராத சளி இருமல், ஆஸ்துமா, அப்புறம் காற்றறைகளே ஒவ்வாமையில் வீங்கித் தழும்பாகும் நோய், வைக்கோல் பூசணத்தால் விவசாயிகளுக்கு வருவதும் இதே வகைதான். முன்னால் காசநோய் வந்து ஆறியவர்களின் நுரையீரலில் இருக்கும் குழியில் ஆஸ்பர்ஜில்லஸ் போய்ப் பந்து மாதிரி வளரும், சளியில் ரத்தம் வரும், அது காசநோய் திரும்பி வந்துவிட்டது போலவே தெரியும். 2021-இல் கொரோனாவுக்குப் பிறகு கரும்பூஞ்சை என்று நாடே பயந்ததே, அந்த வகைப் பூஞ்சைகள் அழுகிய காய்கறியிலும் பழத்திலும்தான் வளர்கின்றன. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு அது அதிக ஆபத்து, நம் தூய்மைப் பணியாளர்களில் எத்தனை பேருக்குச் சர்க்கரை இருக்கிறது என்று பார்த்தவர்கள் யார்?

உரக்குழி தனிக் கதை. நுண் உரமாக்கும் மையத்தில் மக்கும் குப்பை உள்ளுக்குள் 60 டிகிரி வரை சூடாகும், அது நல்லதுதான், அந்தச் சூட்டில்தான் நோய்க்கிருமி சாகும். ஆனால் அதைவிடச் சற்றுக் குறைந்த சூடு இருக்கும் குவியலின் மேற்பகுதி ஆஸ்பர்ஜில்லஸுக்கும் ஆக்டினோமைசீட்ஸ் என்ற பாக்டீரியாவுக்கும் பிடித்தமானது. குவியலைக் கிளறும்போது ஒரு சாண் ஆழத்தில் வெள்ளையாகச் சாம்பல் பூத்த மாதிரி தெரியும். சாம்பல் என்றே நினைத்துக் கையால் தள்ளுகிறார்கள், உண்மையில் அந்த வெள்ளை முழுக்க உயிர். கிளறுகிற அன்று மற்றவர்கள் காற்றில் தூசு பறந்து வரும் பக்கத்தில் நிற்கக் கூடாது, முதலில் லேசாகத் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் கிளற வேண்டும், இதைச் சொல்லிக் கொடுக்கக் காசு ஆகாது.

சரி, என்ன செய்யலாம்? முகக்கவசம் கொடுக்க வேண்டும் என்று 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே இருந்தது, சீருடை, கையுறை, மழைக்கோட்டு, காலணி எல்லாவற்றோடும் சேர்த்து, ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்ப்பவர்களுக்கும் சேர்த்து. கொடுக்கவும் செய்கிறார்கள், ஆனால் துணி மாஸ்க். வித்துகள் அதன் நெசவு வழியாகவும் கன்னத்து ஓரமாகவும் தாராளமாகப் போகும். என்95 மாதிரி முகத்தோடு ஒட்டி நிற்பதுதான் வேண்டும், அதுவும் வியர்வையில் நனைந்தால் மாற்றிக்கொள்ள இன்னொன்று கையில் இருக்க வேண்டும். எங்கள் ஊர் சித்திரை வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, நான்கு மணி நேரம் என்95 போட்டு உட்கார முடியாது என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் மாஸ்கை மட்டும் கையில் திணித்துவிட்டுப் பொறுப்பு முடிந்தது என்று போகக்கூடாது என்கிறேன். கூடத்துக்கு நான்கு பக்கமும் சுவர் வைத்து அடைக்க வேண்டாம், கூரையை உயர்த்தி, காற்று முதுகுப் பக்கமிருந்து வந்து முன்பக்கம் போகிற மாதிரி பெரிய மின்விசிறியை வைத்தால் தூசு முகத்தைவிட்டு விலகும். தரையில் குத்தவைத்துப் பிரிக்காமல் இடுப்புயர மேசை. கூட்டும் முன் தண்ணீர், நம் வாசலில் தினமும் காலையில் செய்வதுதானே. கை முகம் கழுவ உள்ளேயே குழாய். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் வெளியே வேப்பமரத்தடியில் மாஸ்கைக் கழற்றி உட்கார விட்டால் போட்டுக்கொள்ளவும் செய்வார்கள்.

இதையெல்லாம் விட எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று இருக்கிறது. எங்கள் ஆத்தாவின் ஓ.பி. சீட்டை வாங்கிப் பார்த்தேன். பெயர், வயது, காய்ச்சல் இரண்டு நாள் என்று எழுதியிருக்கிறது. என்ன வேலை பார்க்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. நானும் 28 ஆண்டுகள் ஆயிரக்கணக்கில் சளி டப்பா வாங்கியிருக்கிறேன், ஒருவரிடமும் கேட்டதில்லை, அது இப்போது என்னை உறுத்துகிறது. கேட்டு எழுதினால்தான் அந்தக் கூடத்து ஆறு பேரின் இருமலும் ஒரே இடத்திலிருந்து வருகிறது என்று யாருக்காவது தெரியவரும். எழுதாவிட்டால் ஆறு பேருக்கு ஆறு வைரஸ் காய்ச்சல், அவ்வளவுதான். அங்ககத் தூசை இழுப்பதால் வரும் காற்றறை ஒவ்வாமை நோய் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே தொழில்நோய் என்று எழுதப்பட்டிருந்தது, கரும்புச் சக்கைத் தூசும் பஞ்சுத் தூசும்கூட அதில் இருந்தன. சட்டத்தில் இடம் இருந்து என்ன பயன், சீட்டில் தொழிலே இல்லையென்றால் எதைக் காட்டிக் கேட்பார்கள்?

மூச்சை அளப்பது பெரிய வேலையும் இல்லை. பீக் ஃப்ளோ மீட்டர் என்று ஒரு பிளாஸ்டிக் குழாய், ஊதினால் முள் நகரும், அவ்வளவுதான். 2021-இலிருந்து மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு தேடி வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், அந்தப் பையில் இதையும் வைத்துக்கொண்டு கூடத்துக்கு வரட்டும். லீவு முடிந்து வருகிற முதல் நாள் வேலைக்கு முன்னால் ஒருமுறை, முடிந்த பின்னால் ஒருமுறை ஊதச் சொல்லி இரண்டு எண்ணையும் ஒரு நோட்டில் எழுதினால் போதும். எண் இறங்கியவர்களை, நுரையீரல் எவ்வளவு காற்றை எவ்வளவு வேகமாக வெளியே தள்ளுகிறது என்று அளக்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனைக்கு அனுப்பலாம். வேலையில் சேரும்போது ஒருமுறை, பிறகு வருடத்துக்கு ஒருமுறை மார்பு எக்ஸ்ரே.

நம் வீட்டுப் பங்கும் இருக்கிறது. பால் பாக்கெட்டையும் பார்சல் டப்பாவையும் ஒரு தரம் அலசிக் காயவைத்துக் கொடுங்கள். மக்கும் குப்பையைக் கவரில் கட்டாமல் வாளியில் கொடுங்கள், தினமும் கொடுங்கள், மூன்று நாள் சேர்த்து வைத்துக் கொடுக்காதீர்கள். டயப்பர், நாப்கினைத் தனியாகத் தாளில் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு குறி போடுங்கள். செட்டிநாட்டில் ஒரு கல்யாணம் என்றால் இலையே ஆயிரக்கணக்கில் விழும், சஷ்டியப்தபூர்த்தி, சதாபிஷேகம் என்று தை, வைகாசி, ஆவணி எல்லாம் இடைவிடாமல் நடக்கிறது. சமையல்காரரிடம் எத்தனை பலகாரம் என்று ஒரு மணி நேரம் பேசுகிற நாம், இலையும் தண்ணீர் பாட்டிலும் தனித்தனித் தொட்டியில் விழ வேண்டும், அன்றைக்கே வண்டி ஏற வேண்டும் என்பதையும் சேர்த்துப் பேசலாம். கோயில் அன்னதானக் குழுக்களுக்கும் இதுவே என் வேண்டுகோள்.

வருகிற செவ்வாய்க்கிழமை எங்கள் ஆத்தாவையும் கூடத்தில் இருக்கும் இன்னும் மூன்று பேரையும் அழைத்துக்கொண்டு அரசு மருத்துவமனையில் நெஞ்சக நோய்ப் பிரிவுக்குப் போகிறேன். அன்று ஒரு நாள் கூலி போகும் என்று தயங்கினார்கள், அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் நின்று, பெயருக்குக் கீழே குப்பை பிரிக்கும் வேலை, ஏழு வருடம் என்று எழுதச் சொல்லப் போகிறேன். மற்ற ஊர்களிலும் இப்படி லீவு முடிந்து வந்த அன்று காய்ச்சல் வருகிறதா என்று உங்கள் நிருபர்கள் அந்தந்தக் கூடத்தில் கேட்டு எழுதினால் நன்றியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர்,
காரைக்குடி வட்டம்.